பாகில் விட்ட ஒரு கரண்டி பால்

தீபாவளிக்கு லட்டுப் பாகு காய்ச்சும்போது அம்மா செய்கிற ஒரு காரியத்தை நான் சிறு வயதிலிருந்து பார்த்து வந்திருக்கிறேன். சீனியும் தண்ணீரும் கொதித்துப் பொங்கி எழும் தறுவாயில், பக்கத்துச் செம்பிலிருந்து ஒரு கரண்டி பாலை எடுத்துச் சட்டியின் விளிம்போரமாக விடுவார். பால் உடனே திரிந்து, சீனியில் இருந்த தூசியையெல்லாம் சேர்த்துக்கொண்டு, பழுப்பு நுரையாக ஓரத்தில் ஒதுங்கும். அதை வழித்து எறிந்த பிறகு பாகு தெளிந்து, சட்டியின் அடி தெரியும். "அழுக்கு எடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் பதம் பார்க்க விரலை நனைப்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் நான் பால், தயிர், நெய் ஆகியவற்றை விட்டுவிட்டேன். முட்டையும் இறைச்சியும் எங்கள் வீட்டில் அதற்கு முன்னரே இல்லை. நம்மவர்கள் சைவம் என்று சொல்வதில் பாலுக்கும் நெய்க்கும் தாராளமாக இடமுண்டு என்பதால், நான் கடைப்பிடிப்பதை நனிசைவம் என்று வேறு பெயரால் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தச் சொல் இலங்கை மலையகத்தில் எங்கள் பண்டாரவளையில் எந்தக் கடையிலும் எவருக்கும் விளங்குவதில்லை. "பாலும் சேர்க்காத சைவம்" என்று சொன்னால் விளங்கும். கூடவே, நோயாளியைப் பார்க்கும் பார்வை ஒன்றும் கிடைக்கும். தேயிலைத் தோட்டத்தில் அப்பாவின் நாட்கூலியான பேர்ச்சம்பளம் போதாத மாதங்களில், எங்கள் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் கட்டியிருந்த பசுவின் பாலை விற்ற காசில்தான் நான் உயர்தரம் வரை படித்தேன். ஆகையால் பாலுக்கு எதிராக அம்மாவிடம் பேசும் தகுதி எனக்கு உண்டா என்ற கூச்சம் இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

பாலை விட்ட பின் நான் நிம்மதியாகத்தான் இருந்தேன். பால் விடாத பிளேன்டீயும் உள்ளங்கையில் கொஞ்சம் சீனியும் இருந்தால் எனக்கு எதுவும் குறைவதில்லை. அந்த நிம்மதியைக் கெடுத்தவள் கொழும்பில் படிக்கும் அண்ணன் மகள். ஒரு நாள் இரவு தொலைபேசியில் அழைத்து, "அத்தை, நீங்க போடுற சீனி எலும்புக் கரியில வடிச்சதா இருக்கலாம், தெரியுமா?" என்றாள். அன்று தொடங்கிய தேடல் எங்கெங்கோ சுற்றி வந்ததை எழுதி வைக்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அவள் சொன்னது பொய்யன்று. கரும்புச் சாற்றிலிருந்து முதலில் கிடைக்கும் சீனி பழுப்பு நிறமானது. அதைத் தூய வெள்ளையாக்கும் சுத்திகரிப்பு ஆலைகளில், சீனியைத் திரும்பக் கரைத்து, அந்தக் கரைசலை நிறம் உறிஞ்சும் ஒரு பொருளினூடாகச் செலுத்துவார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சில் வழக்கத்துக்கு வந்த அத்தகைய பொருள்களுள் ஒன்று, மாட்டெலும்பைக் காற்றுப் புகாத உலையில் சுமார் 700 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுப் பெறும் கரி. கரி என்று பெயரே தவிர, அதில் காபன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். மிகுதியில் பெரும்பகுதி எலும்பின் கல்சியம் பொஸ்பேற்று. சீனிக் கரைசல் அந்தக் கரிப் படுகையினூடாக வடிந்து வரும்போது நிறமும் சில உப்புகளும் கரியில் தங்கிவிடும். கரி களைத்துப் போனால் அதைத் திரும்பச் சுட்டு மறுபடியும் பயன்படுத்துவார்கள். வெளியே வரும் சீனியில் எலும்பு இருக்காது. ஆனால் அந்தச் சீனி வெளுப்பதற்கு ஒரு மாடு செத்திருக்க வேண்டும்.

அதற்கு முந்திய நூற்றாண்டுகளின் முறை இன்னும் நேரடியானது. ஐரோப்பிய ஆலைகளில் கொதிக்கும் சீனிக் கரைசலில் காளை மாட்டின் இரத்தத்தையோ முட்டை வெள்ளையையோ ஊற்றினார்கள். அவற்றிலுள்ள புரதம் சூட்டில் உறைந்து, அழுக்கைப் பிடித்துக்கொண்டு நுரையாக மேலே வரும். அதை வழித்து எறிவார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏதோ பழக்கமான காட்சியாகத் தோன்றியது. ஆனால் எங்கே பார்த்தேன் என்று அப்போது பிடிபடவில்லை.

இன்று எல்லா ஆலைகளும் எலும்புக் கரியைப் பயன்படுத்துவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். மரம், நிலக்கரி, சிரட்டை முதலியவற்றிலிருந்து செய்யும் செயலூட்டிய கரியும், அயன் பரிமாற்றப் பிசின் என்னும் செயற்கைப் பொருளும் அந்த வேலையைப் பல இடங்களில் செய்கின்றன. சிரட்டைக் கரியை நம் நாடே பெருமளவில் ஏற்றுமதி செய்கிறது. பீற்றூட் இனத்துக் கிழங்கிலிருந்து எடுக்கும் சீனிக்கு எலும்புக் கரி தேவைப்படுவதில்லை. ஆனால் அது நம் கடைகளுக்கு வருகிற சரக்கன்று. நமக்கு முக்கியமானது வேறொன்று: இந்தியாவில் பெரும்பாலான ஆலைகள் கரும்புச் சாற்றைச் சுண்ணாம்பாலும் கந்தகப் புகையாலும் தெளிவித்து, கரைத்து வெளுக்கும் அந்த இரண்டாம் கட்டத்துக்கே போகாமல், நேரடியாக வெள்ளைச் சீனியை எடுத்துவிடுகின்றன. அங்கே எலும்புக் கரிக்கு வேலையில்லை.

அப்படியானால் என் போத்தலில் இருப்பது எந்த ஊர்ச் சீனி? நான் வழக்கமாகச் சாமான் வாங்கும் மொத்தக் கடைக்குப் போய்க் கேட்டேன். முதலாளி என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "டீச்சர், மீன்ல சைவம் அசைவம் பார்த்தாங்க, சரி. இப்ப சீனியிலுமா?" என்று சிரித்தபடியே, பின்னால் அடுக்கியிருந்த 50 கிலோ மூட்டைகளைக் காட்டினார். ஒன்றில் இந்தியா என்றும் இன்னொன்றில் பிரேசில் என்றும் அச்சிட்டிருந்தது. மூன்றாவதில் எழுத்து அழிந்து போயிருந்தது. சில்லறைக்கு நிறுத்துக் கொடுக்கும் தொட்டியில் எந்த மூட்டை எப்போது கொட்டப்பட்டது என்பது அவருக்கே தெரியாது. மூட்டையில் இருக்கும் ஊர்ப் பெயரும் முழுக் கதையைச் சொல்லாது; ஒரு நாட்டில் பிழிந்தெடுத்த கச்சாச் சீனியை இன்னொரு நாட்டில் வெளுத்து மூன்றாவது நாட்டுக்கு விற்பது சீனி வணிகத்தில் அன்றாடம் நடப்பது.

சிவப்புச் சீனி வாங்கினால் தப்பித்துவிடலாம் என்று பலரும் நினைக்கிறார்கள், நானும் நினைத்தேன். அது ஓரளவுக்குத்தான் சரி. வெளிநாட்டுப் பொதிகளில் வரும் மென்மையான பழுப்புச் சீனியில் ஒரு பகுதி, முழுதாக வெளுத்த சீனியில் கரும்புப் பாகுக் கழிவைத் திரும்பப் பூசிச் செய்தது. எலும்புக் கரியைக் கடந்து வந்ததாகவும் அது இருக்கலாம். நம் நாட்டுச் சிவப்புச் சீனி அப்படியன்று. பெல்வத்தையிலும் செவனகலையிலும் உள்ள ஆலைகளில் கரும்பைப் பிழிந்து, தெளிவித்து, காய்ச்சிப் படிகமாக்குவதுடன் வேலை முடிகிறது. பண்டாரவளையிலிருந்து எல்ல, வெல்லவாய, புத்தலை வழியாகக் கதிர்காம யாத்திரை போகிறவர்கள் அந்தக் கரும்புத் தோட்டங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். குளிரில் ஏறிய பஸ் வெல்லவாய இறக்கத்தில் வேர்க்கத் தொடங்கும். அதற்கு அப்பால் பெல்வத்தைப் பக்கம் கரும்பு ஏற்றிய உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்கும் காலமானால், புளித்த பாகு மணம் யன்னல் வழியே உள்ளே வரும். எங்கள் மாகாணத்தின் சீனி அது. நாட்டின் தேவையில் சிறு பங்கைத்தான் அது நிரப்புகிறது என்றாலும், கடையில் கிடைக்கும் நாட்களில் நான் அதைத்தான் வாங்குகிறேன்.

கிடைக்காத நாட்களில் தொட்டியிலிருக்கும் வெள்ளைச் சீனியை வாங்குகிறேன். இதைக் குற்றம் என்று அண்ணன் மகள் சொல்கிறாள். ஆனால் இங்கிலாந்தில் 1944இல் டொனால்ட் வொட்சனும் நண்பர்களும் இந்த வழிக்கென ஒரு சங்கம் தொடங்கி, வீகன் என்று பெயரும் சூட்டினார்கள். அந்தச் சங்கத்தின் வரைவிலக்கணத்திலேயே, இயன்ற வரையிலும் நடைமுறைக்கு ஒத்த வரையிலும் விலங்குகளைச் சுரண்டுவதைத் தவிர்ப்பது என்றுதான் இருக்கிறது. கறியில் எலும்பைத் தவிர்ப்பது என் கையில் இருக்கிறது. மூட்டையின் பூர்வீகத்தை அறிவது என் கையில் இல்லை. பக்கத்து லயத்து அக்கா தன் வீட்டுச் சாவுக்கோ சடங்குக்கோ கலந்து தரும் பிளேன்டீயை, சீனியின் ஊர் கேட்டு மறுக்கிற ஒழுக்கம் எனக்கு வேண்டாம்.

தேன் விஷயத்தில் இந்தத் தயக்கம் எதற்கும் இடமில்லை. தேன் நனிசைவம் ஆகாது. இதை எழுதும்போது கதிர்காமக் கந்தன் கோபித்துக்கொள்ளக் கூடாது. தேனும் தினைமாவும் வள்ளியின் சீதனம், பஞ்சாமிர்தத்தில் தேன் விழாமல் பூசை நிறையாது என்பதெல்லாம் எனக்கும் தெரியும். ஆனால் தேனீ பூவிலிருந்து உறிஞ்சிய இனிப்பு நீரைத் தன் வயிற்றுப் பையில் சுமந்து வந்து, கூட்டிலுள்ள மற்றத் தேனீக்களின் வாய்வழியே கைமாற்றி, சிறகால் விசிறி நீர் வற்றச் செய்து, பூ இல்லாத காலத்துக்கென அடைத்து வைக்கும் உணவு அது. ஒரு வேலைக்காரத் தேனீ தன் ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டியில் பன்னிரண்டில் ஒரு பங்கு என்று கணக்கிடுகிறார்கள். கொழுந்துக் கூடையின் நிறை கணக்கில் குறைத்து எழுதப்பட்ட கதைகளைக் கேட்டு வளர்ந்தவளுக்கு இந்தக் கணக்கு இலேசாகக் கடந்து போகிறதாக இல்லை.

காட்டுத் தேனில் இன்னொரு சங்கடமும் உண்டு. மலைத்தேனீ கற்பாறையிலும் உயர்ந்த மரங்களிலும் தொங்கவிடும் ஒற்றை அடையைப் புகை போட்டு எடுக்கும்போது, தேன் இருக்கும் பகுதியோடு புழுவும் முட்டையும் இருக்கும் பகுதியும் பல முறை சேர்ந்தே வந்துவிடுகிறது. புத்தலையில் வீதியோரத்தில் போத்தல்களை அடுக்கி விற்பவரிடம் ஒரு முறை அம்மா தேன் வாங்கியபோது, மேலே ஒதுங்கியிருந்த மெழுகுத் துண்டோடு ஒரு சிறகும் மிதந்தது. "அப்ப இது அசல்தான்" என்று அம்மா திருப்திப்பட்டார்.

இங்கே சிங்கள மொழியால் வரும் ஒரு குழப்பத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஒரு தடவை ஏமாந்தேன். சிங்களத்தில் தேனுக்கும் 'பெணி', கித்துள் மரத்துப் பதனியைக் காய்ச்சிய பாணிக்கும் 'பெணி'தான். 'மீ பெணி' என்றால் தேன், 'கித்துள் பெணி' என்றால் பாணி. கடையில் வெறுமனே பெணி என்று கேட்டால் எது கைக்கு வரும் என்பது கடைக்காரரின் மனநிலையைப் பொறுத்தது. இரண்டும் ஒரே நிறம், ஒரே மாதிரிப் போத்தல். தமிழ் எழுத்தில் 'பாணி' என்று மட்டும் ஒட்டியிருந்தாலும் ஒரு முறைக்கு இரு முறை கேட்டு வாங்குவது நல்லது. சாப்பாட்டுக் கடைகளில் தயிரும் பாணியும் கேட்டால், பாணி எனக்கு ஆகும், தயிர் ஆகாது என்ற வேடிக்கையான நிலையில்தான் நான் இருக்கிறேன்.

கித்துளைப் பற்றிச் சொல்ல எனக்கு நேரம் போதாது. தமிழில் கூந்தல்பனை என்றும் அதற்குப் பெயருண்டு. பூங்குலை கூந்தலைப் போலத் தொங்குவதால் வந்த பெயர். எங்கள் தோட்டத்தின் கீழ் எல்லையில், தேயிலை முடிந்து கிராமம் தொடங்கும் இடத்தில் நாலைந்து மரங்கள் நின்றன. அங்கிருந்த ஒரு பெரியவர் காலையிலும் மாலையிலும் ஏறி, பாளையை மெல்லிய சீவலாக அரிந்துவிட்டு, நிறைந்த முட்டியை இறக்குவார். பதனி புளித்துக் கள்ளாகிவிடாமல் இருக்க 'ஹல்' என்னும் மரத்தின் பட்டைத் துண்டுகளை முட்டிக்குள் போட்டு வைப்பார். பெரிய தாச்சியில் விறகு எரித்து ஆறு, ஏழு, எட்டு லீட்டர் பதனியைச் சுண்டக் காய்ச்சினால் ஒரு லீட்டர் பாணி மிஞ்சும். இன்னும் காய்ச்சிச் சிரட்டையில் ஊற்றினால் கருப்பட்டி. கவிழ்த்து எடுத்த கருப்பட்டியின் முதுகில் சிரட்டையின் உட்கோடுகள் அப்படியே பதிந்திருக்கும். அதைக் கடித்தால் முதலில் புகை, பிறகு இனிப்பு, கடைசியில் ஒரு சின்னக் கசப்பு. மரம், பட்டை, விறகு, சிரட்டை: எந்த இடத்திலும் ஒரு விலங்கின் கை படவில்லை. மனிதக் கை படுகிறது, அதுவும் உயிரைப் பணயம் வைத்து. மழைக்காலத்தில் வழுக்கும் மரத்தில் அவர் ஏறுவதை நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறோம். நல்ல கருப்பட்டி விலை கூடியது என்று முணுமுணுப்பவர்களோடு நான் சேர்வதில்லை. விலை குறைந்த பாணிதான் எனக்குச் சந்தேகம் தரும். பாணியில் சீனிப் பாகைக் கலந்து விற்பது ஊரறிந்த சங்கதி. அப்படிக் கலந்திருந்தால், மூட்டைச் சீனியின் அதே கேள்வி இங்கும் புறவாசல் வழியாக வந்து நிற்கிறது.

பனங்கட்டியில் ஒரு நுணுக்கம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் சக ஆசிரியை விடுமுறை முடிந்து திரும்பும்போது ஓலைக் குட்டான்களில் பனங்கட்டி கொண்டுவந்து தருவார். பனையின் பதநீரைப் புளிக்காமல் காக்க முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசுவார்கள். சுண்ணாம்பு எங்கிருந்து வருகிறது? சுண்ணாம்புக் கல்லைச் சுட்டும் செய்யலாம். கடற்சிப்பியையோ முருகைக்கல் என்னும் பவளப் பாறையையோ சுட்டும் செய்யலாம். கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி தடை. சிப்பியும் பெரும்பாலும் உயிர் போன பின் கரையில் ஒதுங்கிய ஓடுதான். இதற்காகப் பனங்கட்டியை ஒதுக்குகிறவர்கள் இருந்தால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவதையும் ஒதுக்க வேண்டும். நான் ஒதுக்கவில்லை. ஆசிரியையிடம் அடுத்த முறை எத்தனை குட்டான் என்பதைத்தான் கேட்டேன்.

சீனி வியாதிக்காரர்கள் போடும் இனிப்பு மாத்திரைகளைப் பற்றி அப்பாவின் பொருட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. சக்கரின், அஸ்பார்டேம், சுக்ரலோஸ் ஆகிய மூன்றும் ஆய்வுகூட வழியில் வந்தவை. சுக்ரலோஸ் சீனியிலிருந்தே செய்யப்படுவது. ஸ்டீவியா என்பது பராகுவே பக்கத்துச் செடி ஒன்றின் இலைச் சாறு. நம்மவர்கள் சீனித்துளசி என்கிறார்கள். இனிப்பைத் தரும் பொருளில் விலங்கு எதுவும் இல்லை. மாத்திரையை மாத்திரையாகப் பிடித்து வைத்திருக்கும் பொருளில்தான் சிக்கல். இந்த இனிப்புகள் சீனியைவிட நூற்றுக்கணக்கான மடங்கு தித்திப்பானவை ஆதலால், தேவையான அளவு கண்ணுக்கே தெரியாது. கையில் எடுக்கும்படியாக ஏதேனும் ஒன்றைச் சேர்த்துப் பருமனாக்க வேண்டும். பல மாத்திரைகளில் அந்த ஒன்று லக்டோஸ், அதாவது பாற்சீனி. அப்பாவின் டப்பாவைத் திருப்பி, மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டுப் படித்தபோது அதுதான் முதலாவதாக இருந்தது. தூளாக வரும் பொதிகளில் டெக்ஸ்ட்ரோஸ் அல்லது மோல்டோடெக்ஸ்ட்ரின் சேர்ப்பது வழக்கம்; இவை மாப்பொருளிலிருந்து வருபவை. அப்பா நனிசைவர் இல்லாததால் அவருக்கு டப்பாவை மாற்றவில்லை. இவற்றின் பாதுகாப்பை அறிய எலிகளில் செய்த சோதனைகளை நினைத்து இவற்றை முற்றாக ஒதுக்குகிறவர்களும் உண்டு. வியாதிக்காரருக்கு அந்த உபதேசத்தைச் செய்ய நான் போகமாட்டேன்.

இவ்வளவையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்த பிறகுதான், காளை இரத்தத்தைப் படித்தபோது நெஞ்சில் தட்டிய அந்தக் காட்சி என்னவென்று பிடிபட்டது. அது எங்கள் அடுப்படி. பிரான்சின் கரியையும் பிரேசிலின் மூட்டையையும் தேடித் திரிந்த நான், பாலை விட்டுவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த இரண்டு வருடங்களிலும், அம்மா அழுக்கெடுத்த பாகில் பிடித்த லட்டைத் தின்றிருக்கிறேன். நெய்க்குப் பதில் எண்ணெய் போதும் என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தேன். பாகுச் சட்டியைப் பற்றிச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அம்மாவுக்கும் அது பால் சேர்ப்பதாகத் தோன்றியதில்லை. "பாலைத்தான் வழிச்சு எறிஞ்சிட்டேனே, உனக்கு எங்க போட்டேன்?" என்று கேட்டார். எலும்புக் கரி சீனியில் தங்குவதில்லை என்று ஆலைக்காரர்கள் சொல்வதும் இதே நியாயந்தான்.

கடைப் பலகாரத்துக்கும் இது பொருந்தும். நெய் இல்லை, எண்ணெயில்தான் செய்தோம் என்று கடையில் உறுதி சொல்வார்கள். பாகில் பால் விட்டீர்களா என்று கேட்டால், விடாமல் எப்படி அழுக்கு எடுப்பது என்று திருப்பிக் கேட்பார்கள். மூட்டைச் சீனியின் பூர்வீகத்தை அறிய வழியில்லை. ஆனால் பாலைப் பற்றிய இந்தக் கேள்வியை எதிரில் நிற்பவரிடம் கேட்கலாம், அவருக்குப் பதிலும் தெரியும்.

போன தீபாவளிக்கு இரண்டு சட்டிகளில் பாகு காய்ச்சினோம். அம்மாவின் சட்டியில் வழக்கம் போல ஒரு கரண்டி பால் விழுந்தது. என் சட்டியில் பெல்வத்தைச் சீனி; கொதி வந்ததும் மேலே வந்த கொஞ்ச நுரையை வழித்துவிட்டு, அப்பாவின் பழைய வேட்டித் துண்டை இரண்டாக மடித்து அதில் வடிகட்டினேன். அம்மா துணியை வாங்கி, விரித்து, சிமினி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டு கறுப்புப் புள்ளிகளும் மூட்டையைத் தைத்த நூலின் ஒரு துண்டும் இருந்தன. "இவ்வளவுதானா?" என்று கேட்டுவிட்டு, பதம் பார்க்க என் சட்டியில் விரலை நனைத்தார்.